பெயர் தெரியாத லேபிள்காரருக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

வெளிவராமல் பாதியில் கைவிடப்பட்ட அந்தக் கேம் பாய் (நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி) புதிர் விளையாட்டு இப்போது முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஓடுகிறது. அதன் சோதனைப் பிரதி ஒன்றின் பழைய சிப்பிலிருந்து நிரலைப் படித்து எடுக்கும்போது ஒரே ஒரு பிட் எங்களை ஆட்டிவைத்தது. படபடப்பு அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி யாருக்கு என்பதில் எங்களுக்குள் வாக்குவாதமே எழவில்லை. 27சி010 என்ற நினைவகச் சிப்பில் நிரலை ஏற்றிய கையோடு, அதன் கண்ணாடிச் சன்னல்மேல் ஒரு வெள்ளி லேபிளை ஒட்டி, பேனாவால் ‘4726’ என்று எழுதி வைத்தாரே, அவருக்குத்தான். எழுதிய நேரத்தில் அவருக்கு அது ஒரு வேலையாகக்கூடத் தோன்றியிருக்காது.

அந்த ஒட்டு இரண்டு விதத்தில் காப்பாற்றியது. முதலாவது, வெளிச்சம். இது ஈப்ராம், அதாவது அழித்து மீண்டும் எழுதக்கூடிய வகைச் சிப். அதில் உள்ளதைப் புற ஊதாக் கதிர் அழித்துவிடும். சன்னல் திறந்தே கிடந்தால் நேர் வெயிலில் சுமார் 1 வாரம், டியூப் லைட் வெளிச்சத்தில் சுமார் 3 ஆண்டு போதும் என்று தயாரிப்பாளர்களின் தரவுத் தாள்களே சொல்கின்றன. லேபிள் உரிந்திருந்தால் பேச்சே இல்லை.

இரண்டாவது, அந்த நான்கு இலக்கம். சிப்பில் ஏற்றி முடித்ததும் புரோகிராமர் கருவி எல்லா பைட்டுகளையும் கூட்டி, ஹெக்ஸ் (16 அடிமான எண்) கணக்கில் கடைசி நான்கு இலக்கத்தைக் காட்டும். அதுதான் செக்சம். தேதி மட்டும் எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு, விளையாட்டின் பெயரைச் சுருக்கி எழுதி விட்டவர்களும் உண்டு. இவர் கூட்டுத்தொகையையும் எழுதினார்.

கேம் பாய் ரோமுக்குள்ளேயே (விளையாட்டின் முழு நிரல்) சரிபார்ப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் இங்கே உதவாது. கருவி இயங்கத் தொடங்கும்போது கூட்டிச் சரிபார்ப்பது ஹெடரில் (ரோமின் தகவல் பகுதி) உள்ள 25 பைட்டுகளை மட்டும்தான். முழு ரோமுக்கான கூட்டுத்தொகை ஹெடரின் கடைசி இரண்டு பைட்டில் இருக்க வேண்டும். கேம் பாய் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பதால், சோதனைப் பிரதிகளில் அதை நிரப்பாமலே விட்டுவிடுவார்கள். இதிலும் இரண்டும் 00.

இப்போது சிக்கலுக்கு வருவோம். சிப்பில் உள்ளதைப் படித்து எடுக்க எடுக்க (இதுதான் ரீட்), ஒரே ஒரு முகவரியில், அதாவது ஒரு பைட் இருக்கும் இடத்தில், மட்டும் விடை மாறியது. பெரும்பாலும் 24, எப்போதாவது 04. பல முறை எடுத்து, அதிகம் வந்ததை வைத்துக்கொள்வது எல்லோரும் செய்வது. இங்கே அது தவறான விடையைத்தான் தந்திருக்கும். 24 இருக்கும்போது கூட்டுத்தொகை 4746. லேபிளில் 4726. வித்தியாசம் ஹெக்ஸ் 20, அதாவது அந்த பைட்டின் ஒரு பிட், அவ்வளவே.

16 பிட் கூட்டுத்தொகையை இவ்வளவு நம்பலாமா என்றால், பொதுவாக நம்பக் கூடாது. ஒரு பிழை கூட்டி, இன்னொரு பிழை கழித்தால் கணக்கு சரியாகவே காட்டும். ஆனால் ஈப்ராம் கெடுவது ஒரே திசையில். ஏற்றிய பிட் 0, அழிந்த பிட் 1. ஒவ்வொரு பிட்டுக்குமான செல்லில், மிதக்கும் கேட் என்ற பகுதியில் அடைத்து வைத்த மின்னூட்டம் ஓட்டைப் பானைத் தண்ணீர் போலக் கசியக் கசிய 0 எல்லாம் 1 ஆகும். 1 தானாக 0 ஆகாது. ஆகவே மூப்பினால் வரும் பிழை கூட்டுத்தொகையை ஏற்ற மட்டுமே செய்யும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது. தொகை சரியாக 4726-இல் வந்து நின்றால் மற்ற பிட்டுகளும் பிழைத்திருக்கின்றன என்று தைரியமாகச் சொல்லலாம்.

அடுத்து மின்னழுத்தம். ரீட் எடுக்கும்போது தரும் 5 வோல்ட்டைப் படிப்படியாகக் குறைத்து 4.5-க்குக் கொண்டுவந்ததும் அந்த பிட் ஆடுவதை நிறுத்தி 0-விலேயே நின்றது. கசிந்த செல் குறைந்த அழுத்தத்திலேயே திறந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறது. அழுத்தத்தை இறக்கினால் அது திறக்காமல் இருக்கும், பழைய 0 மீண்டும் தெரியும். 4.5-க்குக் கீழே போனால் சிப்பின் வரம்புக்கு வெளியே போகிறீர்கள். அப்போது நல்ல பைட்டுகளும் தடுமாறலாம் என்பதால் ஒவ்வொரு படியிலும் முழுக் கோப்பையும் ஒப்பிட்டே இறங்க வேண்டும்.

ஒரு பிட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? இது புதிர் விளையாட்டு என்பதால்தான். ஓடித் தாவும் விளையாட்டில் ஒரு பிட் கெட்டால் படத்தில் ஒரு புள்ளி பிசகும், கண்ணில் பட்டுவிடும். இங்கே 04 என்பது சுவர், 24 என்பது வெறுந்தரை. தள்ளிய கட்டை சுவரில் முட்டித்தான் நிற்கும். சுவர் இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு அடுத்த மூலைக்குப் போய்விடும், அந்தக் கட்டத்துக்கு விடையே கிடையாது. ஆனால் திரையில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஆடுபவர் தனக்குத்தான் மூளை போதவில்லை என்று நினைப்பார், இல்லையென்றால் இதனால்தான் வெளியிடாமல் விட்டார்கள் போலிருக்கிறது என்று உருவாக்கியவர்கள்மேல் பழி போடுவார். அந்தப் பழி அவர்கள்மேல் விழாமல் தடுத்தது பேனாவால் எழுதிய நான்கு இலக்கம். லேபிள்காரரே, நீங்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

மற்றவர்களையும் விட்டுவிடவில்லை. கார்ட்ரிட்ஜை நம்பிக் கொடுத்தவர், கார்ட்ரிட்ஜைத் திறக்கும் 3.8 மி.மீ. கேம்பிட் திருப்புளி கொண்டுவந்தவர், தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தவர், சாக்கெட்டிலிருந்து சிப்பை இரு முனையிலும் மாற்றி மாற்றி நெம்பி ஒரு கால்கூட வளையாமல் எடுத்தவர், புரோகிராமரில் ஐடி சோதனையை (சிப்பின் வகையை அடையாளம் காண்பது) அணைக்கச் சொன்னவர் (அது ஏ9 காலில் 12 வோல்ட் ஏற்றும், பழைய சிப்பிடம் அந்த விளையாட்டு வேண்டாம்), எமுலேட்டரிலும் (கணினியில் கேம் பாய் போல இயங்கும் மென்பொருள்) அசல் கருவியிலும் எல்லாக் கட்டங்களையும் தீர்த்துப் பார்த்தவர்கள், எல்லோருக்கும் நன்றி.

எல்லா விளையாட்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் அமைவதில்லை. வேறு வழியில் தப்பியவையும் உண்டு. நின்டெண்டோவின் இன்னொரு கருவியான விர்ச்சுவல் பாய்க்காக உருவாகி நின்றுபோன ‘பவுண்ட் ஹை’ 2010-இல் ரசிகர்கள் முயற்சியால் வெளிவந்தது. விளையாட்டு உருவாக்கும் ரேர் நிறுவனத்தை 2002-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகு ‘டாங்கி காங் கோகனட் கிராக்கர்ஸ்’ பெயரும் வேடமும் மாறி ‘இட்ஸ் மிஸ்டர் பேன்ட்ஸ்’ ஆகத் தப்பியது. ஆனால் சன்னல் திறந்த சிப்பில் கிடப்பவற்றுக்கு இவ்வளவு அவகாசம் கிடையாது.

ஆகவே இனி எங்கள் கைக்கு வரும் எந்தச் சிப்பிலும் லேபிளைத் தொடுவதற்கு முன் நேராக ஒன்று, சாய்வான வெளிச்சத்தில் ஒன்று எனப் படம் எடுப்போம். மங்கிய பேனா எழுத்து சாய்வில்தான் தெரியும். லேபிளை உரிக்க மாட்டோம். ஓரம் தூக்கியிருந்தால் அதன்மேலேயே ஒளி புகாத பட்டையை ஒட்டுவோம். பதிவில் எஸ்ஹெச்ஏ-1 (கோப்பை அடையாளம் காட்டும் நீண்ட சரிபார்ப்பு எண்) பக்கத்தில் 16 பிட் கூட்டுத்தொகையையும், எந்த வோல்ட்டில் எடுத்தது என்பதையும் எழுதுவோம். உங்கள் அலமாரியிலும் இப்படி ஒன்று இருந்தால், லேபிளில் கிறுக்கியிருப்பது என்னவென்று புரியாவிட்டாலும் அதையும் படமெடுத்து அனுப்புங்கள்.