பூங்கா, கடற்கரைப் பராமரிப்புத் தன்னார்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பணிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கடற்கரையில் அள்ளிய மூட்டைகளின் எடையைக் குறிப்பதை இந்த ஆண்டோடு நிறுத்திவிட்டோம். ஈர மணல் ஒட்டினாலே எடை கூடிவிடும், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இப்போது இருவர் பொறுக்க, ஒருவர் பொருள்வாரியாக எண்ணிக் குறிக்கிறார். 1986இல் டெக்சாஸ் கடற்கரையில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மைப் பணியிலும் ஆரம்பத்திலிருந்தே இதே வழக்கம்தான். அந்தக் கணக்கில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தவை சிகரெட் துண்டுகள். அவற்றின் நுனி பார்க்கப் பஞ்சு மாதிரி இருந்தாலும் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக். புதிதாக வருபவர்கள் மக்கிவிடும் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். கூட வரும் பழைய உறுப்பினர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கரை ஒதுங்கும் கடற்பாசியையும் அள்ளச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். செயற்குழு ஒப்பவில்லை. அதை நம்பி மணலில் சின்னஞ்சிறு உயிர்கள் இருக்கின்றன, அவற்றைத் தின்னப் பறவைகள் வருகின்றன, காற்றில் பறக்கும் மணலும் அதில் தங்குகிறது. சிக்கியிருந்த கயிறு, வலைத்துண்டுகளை மட்டும் கையால் பிரித்தெடுத்தோம். நாற்றம் இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊசி, உடைந்த கண்ணாடி கண்ணில் பட்டால் இடுக்கியால் எடுத்துக் கெட்டியான மூடி போட்ட டப்பாவில் போடுவது தொடர்கிறது. சிறுவர்கள் அவற்றைத் தொடவே கூடாது.

அப்புறம் பூங்கா. உதிர்ந்த சருகை எரிக்காமல் மரங்களைச் சுற்றி மூடாக்காகப் பரப்பினோம். அடிமரத்தை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும் என்பதால் ஒரு சாண் இடைவெளி விட்டோம். கன்று நடும் நாளில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை, போட்டோவும் நிறைய. கோடையில் குடத்தோடு வந்தது வழக்கமான அதே சிலர்தான். நட்டு ஓரிரு ஆண்டுகள் வரை கன்றின் வேர் ஆழம் போயிருக்காது. அதுவரை நாம்தான் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். நீரூற்றப் பலர் வராததைச் செயலாளரின் மனக்குறையாகவே பதிவு செய்கிறேன்.

ஆகவே, நீரூற்றும் முறைப்பட்டியல் முழுதும் நிரம்பும் வரை புதிய கன்று எதுவும் நடுவதில்லை என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். பட்டியல் பொருளாளரின் மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்