ஆண்டறிக்கை: 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாக் விரிகுடாக் கரையிலுள்ள நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இவ்வாண்டு தவறாமல் நடைபெற்றன. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார்.

இவ்வாண்டு நாம் அதிகம் பேசியது நம் கடலில் கரிமம் எங்கே தங்குகிறது என்பதைப் பற்றியே. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால்பங்கை உலகக் கடல்கள் வாங்கிக்கொள்கின்றன. நீரில் கரைந்த அவ்வாயுவைக் கொண்டு மிதக்கும் நுண்பாசிகள் வளர்கின்றன. அவற்றைத் தின்னும் உயிர்களின் மூச்சாலும், இறந்தவை மட்குவதாலும் அதில் பெரும்பகுதி திரும்ப நீருக்கே வந்துவிட, மிஞ்சும் சிறுபகுதிதான் சேற்றில் புதைகிறது. ஆழ்கடலில் அடிக்கு இறங்கிய கரிமம் நூற்றாண்டுக் கணக்கில் மேலே வருவதில்லை. பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமே உள்ள நம் விரிகுடாவோ வாடைக்காற்றில் அடிவரை கலங்குகிறது.

"கலங்குகிற கடலில் எதுதான் புதைந்து கிடக்கும்?" என்று ஆகஸ்ட் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஆண்டு முழுவதும் நம்மை நடத்தியது அந்தக் கேள்விதான் என்பேன். கடற்புல் அதற்கு விடையாகிறது. அதன் இலைகள் நீரோட்டத்தைத் தணித்து வண்டலைப் படியவைக்கின்றன. வேர்கள் அவ்வண்டலைப் பிடித்துக்கொள்கின்றன. காற்றுப் புகாத அச்சேற்றில் மட்குதல் மிக மெதுவாகவே நடக்கிறது. உலகக் கடற்பரப்பில் 0.2 விழுக்காடும் இல்லாத கடற்புல், ஆண்டுதோறும் கடலடியில் புதையும் கரிமத்தில் சுமார் 10 விழுக்காட்டைச் சேர்ப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் கரையொதுங்கிக் காய்ந்து மட்கும் புல்லின் கரிமம் காற்றுக்கே திரும்புகிறது. சிப்பிகள் ஓடு கட்டும்போதும் கரியமில வாயு வெளிப்படுகிறது. ஆகவே கடலிலுள்ள எல்லாவற்றையும் சேமிப்புக் கணக்கில் எழுதிவிட வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. அதை மீறி, கடலடியை உரசிச் செல்லும் வலையான இழுவைமடி போவதை நம் உறுப்பினர்கள் பலமுறை கண்டனர். மடி உழுத இடத்தில் புல் வேரோடு பெயர்கிறது. பல்லாண்டு தங்கிய கரிமம் கலங்கி நீரில் சேர்கிறது. இது குறித்து நாம் கொடுத்த மனுவுக்கு இதுவரை பதிலில்லை. 61 நாள் தடைக்காலம் மீனுக்காக வகுக்கப்பட்டது. அடிமண்ணுக்கும் அதுவே ஓய்வாக அமைகிறது. தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் 2022இல் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது, அவ்விலங்கு மேயும் புல்லுக்கும் காவலாகும் என்பதால் மனநிறைவளிக்கிறது.

நம் வள்ளங்களின் நங்கூரமும் புல்லைப் பெயர்க்கிறது. எனவே புல்லில்லாத மணல் திட்டுகளில் மிதவை கட்டி, அங்கு மட்டுமே நங்கூரமிடும் தீர்மானத்தை இப்பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்