பவர் சப்ளையின் 12 வோல்ட் அளவை பில்லில் எழுதித் தாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கணினிக் கடை நடத்தும் உரிமையாளர்களுக்கும், அந்தக் கடைகளில் வேலை பார்க்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வாரம் திருத்த வேலைக்கு வந்த ஒரு கணினிதான் இந்த மடலை எழுத வைத்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கும் ஓர் இளைஞருடையது. உங்களில் ஒருவரின் கடையில் ஆர்டிஎக்ஸ் 3060 விஜிஏ, அதாவது கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கி, அங்கேயே பூட்டவும் கொடுத்திருக்கிறார். கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளை, கேசிங்கோடு வந்த பழையது. அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 600 வோட்ஸ் என்று இருக்கிறது, ஆனால் விஜிஏக்குக் கொடுக்கும் 8 பின் வயர் இல்லை. அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். கடையில் நிறுத்தவில்லை. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா பிளக் ஒன்றை 8 பின்னாக மாற்றும் துண்டு வயரைப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு கிழமை போகமுன் பிளக் உருகி, விஜிஏயின் பின்களும் கருகிவிட்டன. கொண்டுபோய்க் காட்டியபோது, பில்லின் அடியில் அச்சடித்திருக்கும் வரியைக் காட்டியிருக்கிறார்கள். எரிந்த அடையாளம் இருந்தால் வாரண்டி இல்லையாம்.

அந்த அடையாளத்தை உண்டாக்கியது கடை பூட்டிய வயர். சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 அம்பியர், மொத்தம் 4.5 அம்பியர். 12ஆல் பெருக்கினால் 54 வோட்ஸ். ஆர்டிஎக்ஸ் 3060 முழு வேலையில் 170 வோட்ஸ் எடுக்கும். மதர்போர்ட் ஸ்லொட் ஆகக்கூடியது 75 வோட்ஸ் கொடுக்கும். மீதி 95 வோட்ஸாவது அந்த ஒற்றைப் பிளக்கால்தான் வர வேண்டும். 54 தாங்கும் பிளக்கில் 95ஐ மணிக்கணக்கில் ஓட்டினால் அது உருகத்தான் செய்யும். இது வாடிக்கையாளரின் பிழையான பாவனை அல்ல. அவர் வீட்டில் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்று. விஜிஏ விற்கும்போது, அது பூட்டப்படும் பவர் சப்ளையின் பெயர், மொடல் இலக்கம், லேபலில் உள்ள 12 வோல்ட் அளவு ஆகியவற்றை பில்லில் எழுதிக் கொடுங்கள்.

ஏன் 12 வோல்ட் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய காலத்துக் கணினிகள் 5 வோல்ட்டில் இருந்து நிறைய எடுத்தன. இன்றைய புரொசசரும் விஜிஏயும் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ட்டில் இருந்தே எடுக்கின்றன. அப்படியிருக்க, 3.3, 5, 12 வோல்ட் எல்லாவற்றின் உச்ச அளவையும் கூட்டிப் பெட்டியில் அடித்த 600 என்ற இலக்கத்தால் வாங்குபவருக்கு என்ன பயன்? அந்த இளைஞரின் சப்ளையில், சிறிய எழுத்து லேபலில் 12 வோல்ட்டுக்கு நேரே இருந்தது 16 அம்பியர். அதாவது 192 வோட்ஸ். அவருடைய புரொசசர் ஐ5 12400எஃப், முழு வேகத்தில் (டர்போ) 117 வோட்ஸ் வரை போகும். விஜிஏயின் 170ஐச் சேர்த்தால் 287. போர்ட், ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு 50 வைத்தால் 337. அம்பியரில் 28. துண்டு வயர் உருகாமல் இருந்திருந்தாலும் 16 அம்பியர் சப்ளை இதைச் சுமந்திருக்காது.

28 அம்பியர் தேவை என்பதற்காக 28 அம்பியர் சப்ளை போட்டாலும் சரிவராது. விஜிஏ சில மில்லி செக்கன்களுக்குத் தன் வழமையான அளவைவிட மிக மேலே துள்ளும். அந்தத் துள்ளலில் சப்ளையின் பாதுகாப்பு சேர்க்கிட் வெட்டிவிடும், கணினி பட்டென்று அணையும். பவர் சப்ளைகளுக்கென 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, 100 மைக்ரோ செக்கன் அளவுக்கு இரு மடங்குத் துள்ளலைத் தாங்கச் சொல்வது இதற்காகத்தான். 3060க்கு என்விடியா 550 வோட்ஸ் சப்ளை கேட்பதிலும் இந்த இடைவெளி அடங்கியிருக்கிறது. நேர்மையாக 550 என்று எழுதிய சப்ளையில் 12 வோல்ட் மட்டுமே 40 அம்பியரைத் தாண்டும். 12வி1, 12வி2 என்று இரண்டு வரி இருந்தால் இரண்டு அம்பியரையும் கூட்டி வாடிக்கையாளருக்குச் சொல்லாதீர்கள். உதாரணமாக, 16ம் 18ம் 34 என்று கூட்டினால் 408 வோட்ஸ் வரும். பக்கத்திலேயே இரண்டுக்கும் சேர்த்து ஆகக்கூடியது 300 என்று அச்சடித்திருக்கும். அந்த 300தான் உண்மை.

80 பிளஸ் ஸ்டிக்கரைக் காட்டி விற்பதையும் பார்க்கிறோம். அது 2004இல் தொடங்கிய செயல்திறன் சான்று. சுவரில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்று சொல்லும். 450 வோட்ஸ் சப்ளையில் கோல்ட் ஸ்டிக்கர் இருந்தாலும் அது கொடுப்பது 450தான்.

நம் ஊர் வெயிலையும் நினைத்துப் பாருங்கள். சில சப்ளைகளின் வோட்ஸ் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அளந்தது, தரமானவை 40 பாகையில் அளந்தவை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே, மேசைக்குள் தள்ளி வைத்த கேசிங்கின் உட்பக்கம் 25 பாகையில் இருக்கப்போவதில்லை. சூடு 10 பாகை கூடினால், சப்ளைக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் கபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 105 பாகை வரை தாங்கும் கபாசிட்டர் போட்ட சப்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காசு கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் வாங்குபவர்கள் தருவார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லாததுதான் குறை.

பிழை வந்தபின் நடப்பது இன்னும் மோசம். எடிட் செய்த வீடியோவை முழுமையாக்கும் ரெண்டர் போட்டவுடன் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது என்று கொண்டுவந்தால், விண்டோஸ் அடித்துக் கொடுத்து அதற்கும் காசு வாங்குகிறீர்கள். சும்மா இருக்கும்போது ஓடி, சுமை ஏறினால் மட்டும் அணைந்து, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில், கணினி முறையாக மூடப்படாமல் அணைந்ததைக் காட்டும் கெர்னல் பவர் 41 மட்டும் பதிவாகியிருந்தால் முதலில் சப்ளையைச் சந்தேகியுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் விஜிஏயின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே ரெண்டரை ஓட்டிப் பாருங்கள். அணையாமல் ஓடினால் சந்தேகம் பலப்படும். 24 பின் பிளக்கின் பச்சை வயரையும் கறுப்பையும் கம்பியால் தொடுத்து, ஃபேன் சுற்றுகிறது, சப்ளை ஓகே என்று சொல்லி அனுப்புவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சப்ளை எழும்புகிறது என்பது மட்டுமே அதில் தெரியும். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது 12 வோல்ட் வரும் மஞ்சள் வயரில் மல்டிமீற்றர் வைத்துப் பாருங்கள். 11.40க்குக் கீழே விழுந்தால் அந்தச் சப்ளை ஆகாது. கண நேரத் துள்ளல் மீற்றரில் தெரியாது, ஆகவே 11.40க்கு மேலே நிற்பதை மட்டும் வைத்து நல்லது என்று சான்று கொடுக்கவும் முடியாது.

பாவித்த ஒபிஸ் கணினிகளை வாங்குவோருக்கும் இதே நிலைதான். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் படிக்கும் பிள்ளைகள் பலர் அவற்றைத்தான் வாங்குகிறார்கள். டெல் ஒப்டிப்ளெக்ஸ் 9020இன் பெரிய கேசிங்கில் சப்ளை 290 வோட்ஸ், போர்ட்டுக்குப் போகும் பிளக்கும் டெல்லின் சொந்த 8 பின். கடையில் வாங்கும் சாதாரண 24 பின் சப்ளை நேரடியாகப் பொருந்தாது. அதற்கு 75 வோட்ஸுக்குள் நிற்கும், தனி வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 போன்ற விஜிஏ ஒன்றைச் சொல்லுங்கள். அதே 1650இல் 6 பின் கேட்கும் வகையும் உண்டு, பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு விற்றால் நல்லது. வயர்களைக் கழற்றிப் பூட்டக்கூடிய மொடியூலர் சப்ளை மாற்றும்போது பழைய சப்ளையின் வயர்களையும் உடன் மாற்றுங்கள். சப்ளைப் பக்கத்துப் பின் ஒழுங்கு கம்பனிக்குக் கம்பனி வேறு. பிளக் பொருந்துகிறது என்று குத்தினால், 5 வோல்ட் போகவேண்டிய இடத்துக்கு 12 போய் எஸ்எஸ்டி செத்துவிடலாம். அதில் இருக்கும் கல்யாண வீடியோவைத் திருப்பி எடுப்பது பெரும்பாலும் முடியாத காரியம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உங்களுக்குத் தெரியும். அந்த அதிகாரசபையின் 1977 என்ற முறைப்பாட்டு இலக்கமும் தெரியும். அந்த இளைஞர் இன்னும் அங்கே போகவில்லை. அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கிய விஜிஏ அது. மார்கழிக் கல்யாணங்களுக்கு முற்பணமும் வாங்கிவிட்டார். அவருக்கு இப்போது வேண்டியது வேலை செய்யும் கணினி. அவருடைய விஜிஏயைக் கடையின் செலவில் திருத்தியோ மாற்றியோ கொடுக்கும்படி அந்தக் கடைக்காரரைத் தனியாகக் கேட்டிருக்கிறோம். இங்கே கடையின் பெயரை எழுதாமல் விட்டதும் அவர் செய்வார் என்ற நம்பிக்கையில்தான்.

மற்ற எல்லோரிடமும் கேட்பவை இவை. சாட்டாவில் இருந்து 8 பின் எடுக்கும் துண்டு வயர்களை விற்பதை நிறுத்துங்கள். கொழும்பில் மொத்தமாக எடுக்கும்போது, லேபலில் 12 வோல்ட் அளவு இல்லாத சப்ளைகளை எடுக்காதீர்கள். எரிந்த அடையாளத்துக்கு வாரண்டி இல்லை என்ற வரிக்குக் கீழே, கடையில் பூட்டியதால் எரிந்தால் கடையே பொறுப்பு என்று இன்னொரு வரியைச் சேருங்கள். விஜிஏயோடு போகும் ஒவ்வொரு பில்லிலும் 12 வோல்ட் அளவை எழுதுங்கள்.

எப்படி எழுதுவது என்று கேட்டால், மாதிரிக்கு இப்படி: "பவர் சப்ளை: பெயர், மொடல். 12 வோல்ட்: 43 அம்பியர், 516 வோட்ஸ். விஜிஏ வயர்: சப்ளையில் உள்ள சொந்த 8 பின். கடையில் பூட்டியது."

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கணினி திருத்தும் தொழில் செய்வோர் சிலர்