காருக்கு முதலில் வழி சொன்னது சக்கரம்

ஆசிரியருக்கு,

தமிழக-கேரள எல்லையில் புளியரை எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவு பக்கம் போகும்போது செல்போன் வரைபடம் நின்றுவிட்டால், ‘சாட்டிலைட் கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் கிடைக்காமல் போவது டவர்தான். காருக்கு வழிகாட்டும் கருவியே செயற்கைக்கோள் இல்லாமல்தான் பிறந்தது.

1981-இல் ஹோண்டா அக்கார்டு காரில் வந்த எலக்ட்ரோ கைரோகேட்டர் என்ற வழிகாட்டிக் கருவிக்குள் ஹீலியம் வாயு தாரையாகப் பாயும். கார் திரும்பினால் தாரை ஒதுங்கும். இரண்டு கம்பிகளில் ஒன்று கூடுதலாகக் குளிரும். அந்த வித்தியாசத்திலிருந்து திரும்பிய அளவைக் கணக்கிட்டார்கள். திரைமேல் ஒளிபுகும் வரைபடத் தாளைச் செருக வேண்டும். தாளின் ஓரம் வந்தால் அடுத்த தாள்.

1985-இல் அமெரிக்காவில் வந்த ஈடாக் என்ற வழிகாட்டிக் கருவி, வரைபடத்தை கேசட்டில் வைத்தது. சக்கரச் சுற்றை எண்ணும் சென்சார், திசைக்கு மின் காம்பஸ், அவ்வளவுதான். டயர் விட்டம் 60 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு சுமார் 1.88 மீட்டர். தேய்ந்தோ காற்று இறங்கியோ அது 1 சதவீதம் குறைந்தால் 10 கிலோமீட்டரில் 100 மீட்டர் பிசகும். கார் ஒரு தெருவில் திரும்பியதும் வரைபடத்தில் அதே திருப்பத்தைத் தேடி, பிசகைத் தானே சரிசெய்தது ஈடாக். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை.

1990-இல் மாஸ்டா யூனோஸ் காஸ்மோ காரில், செயற்கைக்கோளை வைத்து இடம் காட்டும் ஜிபிஎஸ் வந்தது. ஆனால் பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்திருந்தது. 2000 மே மாதம்தான் நிறுத்தியது. அதுவரை 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். நம் மலைப்பாதையில் அவ்வளவு தள்ளினால், நிற்பது மேல் வளைவா கீழ் வளைவா என்றே தெரியாது. அதனால் திரும்பிய அளவைச் சொல்லும் கைரோ கருவியையும் சக்கரக் கணக்கையும் கார் கம்பெனிகள் கைவிடவில்லை.

டேஷ்போர்டில் ஒட்டிய செல்போனுக்குச் சக்கரக் கணக்கு கிடைப்பதில்லை. இடம் கணிக்க நான்கு செயற்கைக்கோளாவது தெரிய வேண்டும். மலை பாதி வானத்தை மறைக்கிறது, பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் தாமதமாக வந்து குழப்புகிறது. டவரும் விட்டுப்போகும். எனவே செங்கோட்டையிலேயே புனலூர் வரைக்கும் வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள். போனைக் கண்ணாடியருகே, வானம் தெரியும்படி மாட்டுங்கள். உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் சிக்னலைத் தடுக்கும். சோதனைச் சாவடியில், ஓடிய தூரம் காட்டும் ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள்.

கிலோமீட்டர் கற்களையும் வளைவு எண்களையும் இரவில் ஒளிரும் வண்ணத்தில் எழுத இரு மாநில அதிகாரிகளும் முன்வர வேண்டும். போன் நின்றுபோனால் ட்ரிப் மீட்டரை ஒத்துப் பார்க்க அந்தக் கல்தான் இருக்கிறது.

– கார் எலக்ட்ரீஷியன், செங்கோட்டை