அம்மாவின் மார்புத் தோலைக் காத்தவர்களுக்கு நன்றி

உசிலம்பட்டிப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறித்து எங்களை ஆளாக்கிய எங்கள் அம்மாவுக்கு, இதயத் துடிப்பைச் சீராக வைக்க மார்பில் பொருத்தியிருந்த பேஸ்மேக்கர் கருவியால் தோல் பிய்ந்துவிடும் நிலை வந்தபோது, பிய்வதற்கு முன்பே காத்துக் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வந்த சகோதரிதான், இடது காறை எலும்புக்குக் கீழே தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து பளபளப்பதையும், மெஷினின் ஓரம் வெளியே தெரிவதையும் முதலில் கவனித்தார். மஞ்சள் பற்று, களிம்பு எதையும் போடாமல் அன்றே மதுரைக்குக் கிளம்பச் சொன்னார்.

அறுவை சிகிச்சை செய்த டாக்டரம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அம்மா ஒல்லி, தோலுக்கடியில் கொழுப்பே கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்குத் தோலை ஒட்டிப் பேஸ்மேக்கர் பெட்டியை வைத்தால், அதன் விளிம்பு உள்ளிருந்து அழுத்தி, ரத்த ஓட்டம் குறைந்து, தோல் தேய்ந்து துளை விழும் என்றும், துளை விழுந்துவிட்டால் கிருமி, பெட்டியை இதயத்தோடு இணைக்கும் வயரின் வழியே இதயம்வரை போகக்கூடும் என்பதால் பெட்டியோடு வயர்களையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும் என்றும், தாளில் படம் வரைந்து பொறுமையாக விளக்கினார். கிருமித்தொற்று இல்லையென்று பரிசோதனைகளில் உறுதி செய்துகொண்ட பிறகே, மார்புத் தசைக்கு அடியில் புதிதாக இடம் உண்டாக்கி, நகராதபடி தையலிட்டுப் பெட்டியை அமர்த்தினார். தசைக்கடியில் வைப்பதில் ரத்தக்கசிவும் வலியும் கூடுதல் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் எங்களுக்குத் தைரியம் தந்தது. 1958-இல் சுவீடனில் முதன்முதலாகப் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர், இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார் என்று அவர் சொன்னதைக் கேட்டுத்தான் அம்மா சரியென்றார்.

மறுநாள் காயம் வீங்கியபோது, ஊசி குத்தி ரத்தத்தை எடுத்துவிடலாமே என்று உறவினர்கள் வற்புறுத்தினார்கள். குத்தினால் கிருமி உள்ளே போகும் என்று மறுத்து, அழுத்துக்கட்டுப் போட்டு, இரவெல்லாம் வந்து வந்து பார்த்த வார்டு செவிலியர்களை மறக்க மாட்டோம். வீக்கம் தானாகவே வடிந்தது.

காப்பீட்டு அட்டைக்காக அலைந்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாதென்ற நாட்களில் அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட சித்திக்கும், வேலைக்கு வராத நாட்களுக்கும் கூலி கொடுத்தனுப்பிய தோட்டக்கார ஐயாவுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இப்படிக்கு,
மகன்களும் மகளும்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.