ஜி. சுப்பிரமணிய ஐயர் நினைவு அறை: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

'தி ஹிந்து', 'சுதேசமித்திரன்' பத்திரிகைகளைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயரின் நினைவு அறையான, நம் படிப்பகத்தின் வடக்கு அறை வேலை முடிந்துவிட்டது. ஓடு மாற்றி, ஒழுகலை நிறுத்தி, கரையானுக்கு மருந்தடித்து, சுவருக்குச் சுண்ணாம்பும் பூசியாயிற்று. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையெழுத்தோடு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ஆனால் உங்களில் பலர் கேட்டது கணக்கை அல்ல, உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்பதைத்தான்.

வாசலை ஒட்டிய பலகை 1878 செப்டம்பர் 20-இல் தொடங்குகிறது. இந்தியரான முத்துசாமி ஐயரைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக்கியதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கி எழுதின. பதில் சொல்ல நம்மவரிடம் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியில் இரண்டு வாத்தியார்களும் நான்கு சட்ட மாணவர்களும் சேர்ந்து, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அதுதான் 'தி ஹிந்து'. பத்திரிகையின் ஆசிரியராக இருந்த திருவையாற்றுக்காரர் சுப்பிரமணிய ஐயருக்கு அப்போது வயது 23. (நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறிய குழுவினருக்கு அந்தக் கடன் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.)

1882-இல் சுதேசமித்திரன். இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் அரசியல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய தமிழ் வார இதழ், 1899-இல் நாளிதழானது. 1904-இல் பாரதி அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் ஐயர்தான்.

குழுவில் வாக்குவாதம் எழுந்தது 1889-ஆம் ஆண்டுப் பலகையில்தான். அந்த ஏப்ரலில் 'தி ஹிந்து' நாளிதழானது. அதே ஆண்டு, சிறுவயதிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு, பம்பாய் காங்கிரஸ் கூடிய சமயத்தில் அங்கேயே மறுமணம் செய்து வைத்தார். உறவும் சாதியும் அவரை ஒதுக்கின. "வீட்டு விஷயம் எதற்கு, பத்திரிகை விஷயம் போதுமே" என்றார்கள் சிலர். போதாது என்பது குழுவின் முடிவு. விதவை மறுமணம் வேண்டும் என்று எழுதிய மனிதர் முதலில் தம் வீட்டில் செய்து காட்டினார் என்பதைச் சொல்லாமல் அவர் தலையங்கங்களுக்கு என்ன மதிப்பு? 1898-இல் பங்குதாரர் வீரராகவாச்சாரியாரிடம் 'தி ஹிந்து'வை விட்டுவிட்டு விலகியதும் அதே பலகையில் வருகிறது. அவருடைய சீர்திருத்த வேகம் சந்தாதாரர்களுக்கு ஒத்துவரவில்லை என்பார்கள். 1908 ராஜத்துரோகக் கைது, 1916-இல் மறைவு இரண்டும் சுருக்கமாக அடுத்த பலகையில்.

நடுவில் நிற்கும் ட்ரெடில் மிஷின் (காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம்), இரும்புக் கடைக்கு எடைக்குப் போக இருந்தது. ஐயர் காலத்துக்குப் பிந்தியதுதான். ஆனால் அவர் காலத்தில் எழுத்துக் கோத்து அச்சடித்த முறையைக் காட்ட இது போதும். மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைச் சுரண்டினோம். மை தடவும் ரோலர் கல்லாக இறுகியிருந்ததால் புதிதாக வார்க்க வேண்டியதாயிற்று. அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் கூலி வாங்காமல் உட்கார்ந்து எழுத்துப் பெட்டியை ஒழுங்கு செய்தார். கு, கூ, மு, மூ என்று ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு என்பதால் தமிழ்ப் பெட்டிக்கு அறைகள் ஏராளம். றா, னை போன்றவற்றின் பழைய வடிவங்களும் கிடைத்தன. இடது கையில் பிடித்த, எழுத்துக் கோக்கும் கட்டையில் எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, பெட்டியைப் பார்க்காமலே அவர் 'சுதேசமித்திரன்' என்று கோத்ததைப் பள்ளிப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

பழைய பத்திரிகைக் கட்டுகளில் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. பழைய நியூஸ்பிரிண்ட் காகிதத்தில் அமிலம் ஏறி, மடிப்பைத் தொட்டாலே உதிர்கிறது. மெல்லிய ஜப்பானிய காகிதம் ஒட்டித்தான் ஒவ்வொரு பக்கத்தையும் காப்பாற்ற வேண்டும். அது செலவு பிடிக்கிற வேலை. ஒட்டி முடித்த பக்கங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறோம். இனி மூலக் கட்டு யார் கைக்கும் தரப்படாது.

அறையின் சாவி நூலகரிடம் இருக்கும். வீட்டுப் பரணில் பழைய சுதேசமித்திரன் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து செல்லோடேப் ஒட்டாமல், அப்படியே கொண்டு வாருங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொதுக்குழுவுக்கு முன் கட்டிவிட்டால் மீதிக் கட்டுகளின் வேலையையும் தொடங்கிவிடலாம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு