கெட்ட இறைச்சிக்கு மிளகா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைச் சமையற்கூடம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘அந்தக் காலத்தில் கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்கத்தான் மிளகும் கிராம்பும் போட்டார்கள்’ என்று அதில் ஒரு வரி. கல்யாணச் சமையலிலேயே காலம் கழித்த எனக்கு மனசு ஆறவில்லை.

15ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு பவுண்டு எடை மிளகு வாங்கக் கைதேர்ந்த தொழிலாளிக்கு இரண்டு நாள் கூலியாவது வேண்டும். மலபார்க் கரையிலிருந்து போன சரக்கு அது. அந்த விலை கொடுக்கிறவருக்கு நல்ல இறைச்சி வாங்க முடியாதா? நாறிய இறைச்சி விற்றவரைக் கழுத்தையும் கையையும் பூட்டும் தண்டனைக் கட்டையில் மாட்டி, அதே இறைச்சியை அவர் மூக்குக்குக் கீழே கொளுத்திய ஊர் அது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, எட்டாம் ஹென்றி விரிவாக்கிய அந்தக் கூடத்தில் நானும் நின்றேன். மாட்டிறைச்சியை நீளக் கம்பியில் கோத்துத் தீயின் முன்னால் வைத்துச் சுற்றுகிறார்கள், தீக்கு மேலே அல்ல. கொழுப்பு கீழே தட்டில் சொட்டுகிறது, தீயில் விழுந்து புகைவதில்லை. இவ்வளவு பக்குவம் பார்த்தவர்களையா அப்படி எழுதுவது?

ஊர் திரும்பியதும், 1390 வாக்கில் இரண்டாம் ரிச்சர்டு மன்னரின் சமையல்காரர்கள் தொகுத்த குறிப்பு ஒன்றைச் செய்து பார்த்தேன். கோழியை வேகவைத்து, அந்தச் சாற்றை விட்டே பாதாமை அரைத்துப் பாலெடுக்க வேண்டும். அதில் அரிசியை வேகவிட்டு, பிய்த்த கோழியும் சர்க்கரையும் உப்பும் சேர்த்து, மேலே எண்ணெயில் பொரித்த பாதாமும் சோம்பு மிட்டாயும் தூவ வேண்டும். அளவும் இல்லை, நேரமும் இல்லை; எல்லாம் கைப்பக்குவம். கோழியில் லேசாக வாடை இருந்தாலும் சட்டி முழுக்கப் போச்சு. மறைக்க அதில் மிளகே கிடையாது.

பொங்கல் மலரில் ‘ராஜராஜன் விருந்து’ என்று மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பை வெளியிட்டீர்கள். அவை நம் மண்ணுக்கு வந்ததே அவர் காலத்துக்கு ஐந்நூறு ஆண்டு கழித்துத்தான். அப்போதே எழுதினேன், ஒரு வரி பதில் இல்லை. ஆடிக்கூழ் பற்றி எழுதியதும் வெளிவரவில்லை. சமையல்காரன் கடிதம் என்றால் அவ்வளவுதானா? ஆட்சியைப் பற்றித் தப்பாக எழுதினால் மறுநாளே திருத்தம் வருகிறது. அடுப்படி விஷயத்தில் யார் எதை எழுதினாலும் போய்விடுகிறது.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
மயிலாடுதுறை